கிணற்றடியில் எக்ஸ் கதிர் கழுவியது

எக்ஸ் கதிர்க் குழாயைக் கரும்பலகையில் என்னைப்போல வடிவாகக் கீற யாழ்ப்பாணத்தில் ஆளில்லை என்று எனக்கொரு எண்ணம். அன்றும் உரும்பிராய் ரியூசன் கொட்டிலில் கீறி முடித்து, அழகைப் பார்க்க ஓரடி பின்னால் வைத்தேன். மேடை அங்கே முடிந்திருந்தது. விழுந்ததில் வலது மணிக்கட்டு போய்விட்டது. உயர்தரப் பரீட்சை நெருங்கிவிட்டது. பௌதிகத்தில் பாதிப் பாடம் மிச்சம். எழுதுகிற கையும் அதுதான்.

மனைவியின் தமையன்தான் மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார். வங்கி மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். வட்டியைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லுவார்.

படம் எடுத்து, எலும்பு வெடித்திருக்கு என்று மாக்கட்டுப் போட்டார்கள். நனைக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். வீட்டுப் படலையில் அவர் என்னை மறித்தார்.

"மச்சான், உள்ளுக்குப் போகாதையும். உம்மடை பேரப்பிள்ளை கிடக்குது. உந்தக் கதிர் உம்மடை உடம்பிலை நிக்கும். கிணத்தடியிலை தோய்ஞ்சிட்டுப் போம்."

செத்தவீட்டால் வந்தவன் மாதிரி நின்றேன். மடையனுக்கு விளக்குகிறவன் அவனைவிட மடையன் என்று தெரிந்தும் தொடங்கினேன்.

"அது காத்தில்லாத கண்ணாடிக் குழாய், மச்சான். ஒரு பக்கத்திலை இழையைச் சூடாக்க இலத்திரன் கிளம்பும். பெரிய மின்னழுத்தத்தாலை இழுத்தால் ஓடிவந்து மற்றப் பக்கத்துத் தங்குதன் தகட்டிலை மோதும். அந்தச் சக்தி கிட்டத்தட்ட முழுக்கச் சூடாப் போயிடும், துளிதான் எக்ஸ் கதிர். கரண்டை நிப்பாட்டினால் அதுவும் இல்லை. லைற்றை நூத்தாப் பிறகு வெளிச்சம் சட்டையிலை ஒட்டியிருக்குமே?"

"முழுக்கச் சூடு எண்டால் அதென்ன மெசின்," என்றார்.

என் வகுப்பும் அதே மெசின்தான். கத்துவது முழுக்கச் சூடு. பெடியள் தலைக்குள் போவது துளி.

உள்ளே பிள்ளை அழுதது. மனைவி வாசலுக்கு வந்தாள். "இஞ்சருங்கோ, தோய்ஞ்சால் குறைஞ்சே போவியள்?"

கட்டின்மேல் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு கிணற்றடியில் குந்தினேன். மச்சான் வாளியும் கையுமாக வந்தார்.

"கதிர் பட்டது கையிலை. கையை மூடிப்போட்டுத் தலையைக் கழுவி என்ன பிரயோசனம்?"

அந்த மடைத்தனத்துக்குள்ளும் ஒரு தர்க்கம் இருந்தது. தர்க்கத்தைக் கண்டால் பௌதிக வாத்திக்குப் புத்தி கழன்றுவிடும். பையை நானே அவிழ்த்துக் கையை நீட்டினேன். அவர் நிதானமாக ஊற்றினார்.

விடியக் கட்டு ஊறின ரொட்டியாய்க் கிடந்தது. எலும்பு விலகியிருந்தது. திரும்பவும் படம், திரும்பவும் கட்டு, இந்தமுறை முழங்கைக்கு மேலே. மச்சான் புதுப் படத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"முதல்தரம் வடிவாக் கழுவுப்படேல்லை," என்றார்.

பரீட்சைவரை இடது கையால்தான் கீறினேன். குழாய் கத்தரிக்காய் மாதிரி வந்தது. பெடியள் ஒன்றும் கேட்காமல் கத்தரிக்காயையே கொப்பியில் கீறிக்கொண்டார்கள், காம்பையும் சேர்த்து.