பின்சீட்டுக்கும் ஒரு கமரா

இன்று மத்தியானம் பிள்ளைகளோடு டவுனுக்குக் காருக்கு டேஷ்கேம் கமரா வாங்கப் போனேன்.

கட்டாரில் வாகனம் ஓட்டும் என் கணவர், வீடியோ கோலில் கடைக்காரரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுத் தானே பேசினார்.

"நானா, பற்றரி உள்ளது வேணாம். வெயிலுக்கு ஊதிப் போகும். கெப்பாசிற்றர் உள்ளதைக் குடுங்க."

"ஓம், இஞ்சத்த வெயிலுக்கும் அதுதான் தாங்கும். றோட்டை மட்டும் எடுத்தாப் போதும்தானே?"

"இல்ல, உள்ளுக்கும் எடுக்கணும்."

"ஹயருக்கு ஆள் ஏத்துற காரா?"

"இல்ல நானா. பின்சீட்டுல பிள்ளைகள் சண்டை பிடிக்கிறதப் பாக்கணும்."

கடைக்காரர் இரண்டு பக்கமும் எடுக்கும் கமராவையே பூட்டித் தந்தார்.

திரும்பும்போது கிண்ணியாப் பாலத்தில், கடல் தெரியும் ஜன்னலுக்காக மகனும் மகளும் சண்டை பிடித்தார்கள். வழக்கமாகக் கத்துகிற நான், இன்று அவர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மெமரி கார்டில் எத்தனை நாள் சண்டையைச் சேர்த்து வைக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.