“ஒரு பக்கம் பெருசா இருக்கே!”

மூன்று வருடங்களுக்கு முன்பு, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நடந்தது இது.

அங்கே எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் டி-ஷர்ட்டை விரித்துப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பார்த்து அனுப்ப வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குக் கட்டியை மட்டும் எடுத்து, கோயமுத்தூரில் ரேடியேஷனும் முடித்து, மறுபடி வேலைக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. “நல்லாத் தேறிட்டீங்க” என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

உள்ளே வேறு கதை. ஆபரேஷன் செய்த பக்கம் வீங்க ஆரம்பித்திருந்தது. சாயங்காலமானால் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனக்கும். பிரா பட்டை பதிந்த தடம் காலையிலும் மறையாது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் இரண்டு பேருடையது போலிருக்கும். நோய் திரும்பிவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். டாக்டர் வரச் சொன்ன நாளில் போகவில்லை. “ஆர்டர் அவசரமுங்க, லீவு தரமாட்டேங்கறாங்க” என்று வீட்டுக்காரரிடம் புளுகினேன். போனால்தானே சொல்வார்கள்? துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திக்கொண்டு நாளை ஓட்டினேன்.

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கிய நேரம். எங்கள் லைனில் தைக்கும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். என்னைவிட வயதில் சின்னவள். மெஷின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும்.

“யக்கா, ஒரு பக்கம் பெருசா இருக்கே, நீங்க பாக்கலியா?”

துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “பாக்காம என்ன கண்ணு, தெனமும்தான் பாக்கறேன். மறுபடி வந்துருச்சோன்னு பயமா இருக்குது. அதான் ஆஸ்பத்திரிக்கே போகாம இருக்கறேன்” என்று கொட்டிவிட்டேன். அழுகையும் கூடவே வந்தது.

அவள் திருதிருவென்று விழித்தாள். அவள் கையில், நான் பார்த்து அடுக்கி வைத்திருந்த டி-ஷர்ட்களில் ஒன்று. அதன் ஒரு கை இன்னொன்றைவிடப் பெரிதாக இருந்தது. அவள் கேட்டது அதைத்தான்!

மானம் போயிற்றே என்று நின்றேன். வேறு யாராவது என்றால் மெல்ல நழுவியிருப்பார்கள். அவள் சட்டையை மேஜையில் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப் போனாள்.

“யாருட்டயும் சொல்லலியா? அழுவாதிய. நாளைக்கே போவோம், நானும் வாரேன்” என்றாள்.

அன்று மாலை வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். “ஏம்புள்ள, இத்தன நாளாத் தனியாவா பயந்துட்டு இருந்தே?” என்றார். மறுநாள் மூன்று பேருமாகக் கோயமுத்தூர் பஸ் ஏறினோம்.

ஸ்கேன் எடுத்துவிட்டு, முடிவுக்காக மூன்று பேரும் பெஞ்சில் காத்திருந்தோம். நோய் திரும்பவில்லை. ஆபரேஷனாலும் ரேடியேஷனாலும் நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது, சிலருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். வராமல் இருந்ததற்குக் கடிந்தும்கொண்டார். மெதுவாக நீவிவிடும் முறையைப் பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்தார். உள்ளாடை அழுந்திப் பதியக் கூடாது, தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றார்.

என் அளவுக்குக் கடையில் எங்கே கிடைக்கும்? அந்த வாரமே அவள் மிச்சமான பனியன் துணியில் ஒன்று தைத்துக்கொண்டு வந்தாள். அகலமான பட்டை. ஒரு பக்கம் தாராளமாக, மறுபக்கம் மெத்தென்று துணி மடித்து வைத்து.

“இத எந்தச் செக்கிங்லயும் பாஸ் பண்ண மாட்டாவ யக்கா” என்று சிரித்தாள்.

போட்டுப் பார்த்தேன். தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. “நான் பாஸ் பண்ணிட்டேன் கண்ணு” என்றேன்.

வீக்கம் இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது. இரண்டும் ஒன்றுபோல் ஆகவில்லை, இனி ஆகப்போவதும் இல்லை; அதற்காக நான் மூலையில் உட்காரவில்லை. செக்கப்புக்கு ஒருமுறைகூடத் தவறுவதில்லை. நான் உளறியதைக் கேட்காததுபோல் போய்விடாமல் நின்ற அந்தப் பெண்ணை நினைக்காமல், ஆஸ்பத்திரிப் படியில் இதுவரை நான் கால் வைத்ததில்லை.