அக்காவின் கருப்பை வாய்க்காகக் கூடலூரிலிருந்து மதுரைக்கு

போன மாசியில் அக்காவோடு மதுரைக்குப் போனேன். ஊர் சுற்ற இல்லை. அவள் கருப்பை வாயில் எச்.பி.வி. வைரஸால் செல்கள் மாறியிருக்கின்றன, இன்னும் புற்றுநோய் இல்லை, விட்டால் ஆகலாம் என்று தேனியில் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு முப்பது வயது. பிள்ளை இல்லை. அந்த வாய்ப்பைக் கெடுக்காத வைத்தியம் வேண்டும், அதுதான் அவள் கவலை. மச்சானுக்கு வேலையாம். காலேஜைப் பாதியில் விட்டவள் சும்மாதானே இருக்கிறாள் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

தேனி மாவட்டக் கூடலூரில் காலை ஐந்து மணிக்கு பஸ். சுமார் நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர், நான்கு மணி நேரம். பெண்களுக்கு இலவசம் டவுன் பஸ்ஸில்தான், இதில் டிக்கெட் உண்டு. தேனியில் நிற்கும்போதே கழிப்பறைக்குப் போய்விடுங்கள்.

ஒளி சிகிச்சை பற்றி போனில் பார்த்திருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். ஒளி என்றால் மருந்து தடவி, சில மணி நேரம் கழித்துச் சிவப்பு வெளிச்சம் காட்டுவார்கள். கெட்ட செல் சாகும், கருப்பை வாய் அவ்வளவாகச் சேதப்படாது. ஆனால் சில தடவை போகணும், சில மருந்துக்கு வெயிலே ஆகாது, செய்கிற இடமும் குறைவு. லேசர் பெரும்பாலும் ஒரே தடவை, பல காலம் செய்து பார்த்தது. மேலாக எரித்தால் பயமில்லை. ஆழமாக எடுத்தால் பின்னால் குறைப்பிரசவ ஆபத்து கூடும்.

அக்கா மச்சானுக்குப் போன் போட்டாள்.

"எத்தன தடவ வரச் சொன்னாக?"

"ஒளின்னா ரெண்டு மூணு தடவ. அதுவும் வேற ஊருக்குப் போகணுமாம்."

"அப்ப லேசரே வச்சு முடி. ஒரு நாளோட போகும்ல."

நான் போனைப் பிடுங்கினேன். "பிள்ள நிக்குமான்னு ஒரு வார்த்த கேக்கலயே மச்சான்?"

"நீ மொதல்ல காலேஜ முடிடி," என்று வைத்துவிட்டார்.

அக்கா டாக்டரம்மாவிடம் கேட்டாள்: "அவுகளுக்கு ஒண்ணும் பாக்க வேணாமா?"

"ஆம்பளைங்களுக்கு வழக்கமா பண்ற டெஸ்ட் இல்லம்மா. யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னும் சொல்ல முடியாது."

"ரொம்ப வசதி," என்றேன். அக்கா என் காலை மிதித்தாள்.

அன்றைக்கே லேசர் முடிந்து அக்காவோடு வெளியே வந்த டாக்டரம்மா, "கொஞ்சம் ஆழமாத்தான் எடுக்க வேண்டி வந்துச்சு," என்றார். அக்கா தலையாட்டினாள்.

கூடலூரில் இறங்கி அவள் தெருவுக்குள் நுழைந்தால், எதிர்வீட்டுச் செல்வியக்கா வாசலில் நிற்கிறார்.

"ஏத்தா, மூலத்துக்கு லேசர் வச்சியாம்ல? ஒம்புருசன் சொன்னாரு."

"மூலமில்லக்கா. கருப்பை வாயில. புருசங்கூட இருந்தா வர்ற வைரஸு. நீங்களும் போயி ஒரு தடவ பாத்துருங்க," என்றாள் அக்கா.

செல்வியக்கா அரையடி பின்னால் போனார். உள்ளேயிருந்து மச்சான் குரல்: "ஏய், உள்ள வாடி!"

போகப்போகிறவர்களுக்கு: எவ்வளவு ஆழம் எடுப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். சில வாரம் கனம் தூக்காதீர்கள், உறவும் கூடாது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் தொங்கிக்கொண்டு போவதும் வேண்டாம். எந்த வைத்தியம் செய்தாலும் மறுபரிசோதனையை விடாதீர்கள், திரும்ப வரலாம்.

இப்போது அக்காவின் மாமியார் அவளுக்குத் தனித்தட்டு வைத்திருக்கிறார். தட்டில் இது ஒட்டாது. ஒட்டுகிற இடம் படுக்கை. அங்கே மச்சானுக்கு யாரும் எதையும் தனியாக வைக்கவில்லை.