இருநூற்றுப் பன்னிரண்டு காப்புரிமைகளைக் காட்டி மிரட்டியவர்

நெப்ராஸ்காவின் சோளக்காட்டு ஊர்களில் வெர்னன் குபிசெக் இருபது வருஷம் ஆலங்கட்டி மழைக் காப்பீடு விற்றவர். வானம் வெளுத்துக் கிடக்கும்போதே ஒரு விவசாயியை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட வைப்பார். அந்தச் சாமர்த்தியத்துக்காகத்தான் கணினியை ஓட்டும் இயங்குதளம் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்று 2004-ல் அவரைக் கொத்திக்கொண்டு போனது. கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வேலை இதுதான்: யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும் இலவச இயங்குதளம் வைத்திருப்பவர்களிடம் போய் உட்கார வேண்டும். "அதுல எங்க காப்புரிமை இருநூத்திப் பன்னிரண்டு மாட்டியிருக்கு. நாளைக்குக் கேஸ் வந்தா உங்க பேர்லதான் வரும்" என்று சொல்லிவிட்டுக் காபியை உறிஞ்சியபடி பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனத்துக்குத்தான் சம்பளம். பால்பண்ணைக்காரர் எமில் ஷோல்ட்ஸ் மூன்றாவது மிடறுக்குள், காசு கொடுத்து வெர்னன் நிறுவனத்து இயங்குதளத்துக்கு மாறும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தானியக் கூட்டுறவுச் சங்கத்து மேலாளர் லவோன் வாவ்ரா மட்டும் மசியவில்லை. அவளுடைய எடைமேடைக் கணினிகள் எல்லாம் இலவச இயங்குதளத்தில்தான் ஓடின.

"எந்தெந்தக் காப்புரிமைன்னு பட்டியல் குடுங்க, பாக்கறேன்."

"அது ரகசியம்மா."

"உங்க மாடு என் தொழுவத்துல நிக்குதுங்கறீங்க. எந்த மாடுன்னு கேட்டா ரகசியம்ங்கறீங்க. காட்டுனா இப்பவே ஓட்டி விட்டுடறேனே!"

வெர்னனுக்குக் கழுத்து சிவந்தது. காருக்குப் போய்த் தலைமையகத்து வக்கீலைப் போனில் பிடித்தார். "பட்டியலைக் காட்டினா அந்த இலவசத்தை எழுதறவங்க ஒரே வாரத்துல நிரல்ல அந்த இடத்தை மாத்தி எழுதிடுவாங்க. அப்புறம் நீங்க எதைச் சொல்லி விப்பீங்க?" என்றார் வக்கீல்.

அடுத்த வசந்தத்தில் டெக்சஸிலிருந்து ஒரு நிறுவனம் கிளம்பியது. நிறுவனம் என்றால் பூட்டிய அறை ஒன்று, கதவில் பெயர்ப்பலகை ஒன்று. திரையில் மூடிய ஜன்னலைத் திறந்தால் அது பழைய இடத்திலேயே வந்து நிற்பது தங்கள் கண்டுபிடிப்பாம். வெர்னனின் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டதோடு விடாமல், அந்த இயங்குதளத்தை வாங்கியவர்களுக்கும் கடிதம் அனுப்பியது.

"ஏம்ப்பா வெர்னன்," எமில் போனில் கத்தினார், "ஓசியில ஓட்டுனப்ப ஒரு பய என்னைச் சீண்டல. உன்கிட்ட காசு குடுத்து வாங்குனேன், வக்கீல் கடுதாசி வீட்டுக்கு வருது!"

தலைமையகத்து வக்கீல் அசரவில்லை. "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்னு சொல்லி வைங்க. எழுத்துல மட்டும் குடுத்துடாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் வெர்னனை முள்ளாகக் குத்தியது. தான் ஊரெல்லாம் விற்ற ஒப்பந்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். நேரே எமில் வீட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு பத்தியை உரக்க வாசித்தார்: மூன்றாம் நபர் உரிமை கோரி நஷ்டம் வந்தால் நிறுவனத்தின் பொறுப்பு அதிகபட்சம் ஐந்து டாலர்.

எமிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரு பாக்கெட் சோள விதை வாங்கலாம்ப்பா!"

"இதைப் படிக்காமத்தான் உங்க தலையில கட்டுனேன். தப்பு என்னுது," என்றார் வெர்னன். லவோனின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். ஒரே மாதத்தில் பால்தொட்டிக் கணினிகள் பழையபடி இலவசத்துக்குத் திரும்பின.

சேதி மேலே போனது. வெர்னனை யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. 'தங்கள் பதவி நீக்கப்படுகிறது, தாங்கள் நீக்கப்படவில்லை' என்று மரியாதையாகக் கடிதம் போட்டார்கள். டெக்சஸ்காரர்களோடு தனியறையில் சமாதானம் பேசிவிட்டு, அறிவுச் சொத்தை மதிப்பதில் தங்களை மிஞ்ச ஆளில்லை என்று பத்திரிகைக்கு அறிக்கையும் விட்டார்கள்.

வெர்னன் அதோடு விடவில்லை. தான் மிரட்டிக் கையெழுத்து வாங்கிய இருபத்தேழு இடங்களுக்கும் தன் காரிலேயே போய் அந்தப் பத்தியை வாசித்தார். சிலர் காபி கொடுத்தார்கள். ஒருவர் நாயை அவிழ்த்து விட்டார். கடைசியாகப் போனது ஒரு பள்ளி நிர்வாகியிடம். அவர் தலையாட்டியபடி பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"சரியாத்தான் சொல்றீங்க வெர்னன். ஆனா நேத்துதான் உங்க கம்பெனி ஒப்பந்தத்தை இன்னும் மூணு வருஷத்துக்குப் புதுப்பிச்சோம். எதுக்கும் ஒரு பாதுகாப்புக்கு."