பறக்காத சார்ஜென்ட்

தெர்செய்ரா தீவின் விமானத் தளத்தில் சார்ஜென்ட் எர்மீனியு ஃபுர்ட்டாடுவுக்கு ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும் இருந்தன. ஃப்ளோரெஷ், கோர்வு போன்ற தொலைதூரத் தீவுகளின் காவல் நிலைகளுக்குப் போகும் ராணுவ விமானத்தில் எந்தச் சரக்கு ஏறும், எந்த ஆள் ஏறுவான் என்று தீர்மானிப்பது அவர்தான். கடவுளே வந்தாலும் வரிசையில் நிற்க வைப்பார்.

உணவுக்கூடத்துச் சமையல்காரி சுல்மீராவின் அம்மா ஃப்ளோரெஷில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். கடும் மூடுபனியில் பயணிகள் விமானம் நின்றுபோய், ராணுவ விமானம் மட்டுமே போய்வந்துகொண்டிருந்தது.

"ஒரு ஓரமா உக்காந்து போயிடுறேன் சார்ஜென்ட்."

"இது ராணுவ விமானம்மா. உங்க ஊரு மாட்டுவண்டின்னு நெனச்சியா?"

அன்று அந்த இடத்தில் ஏறியது, ஃப்ளோரெஷ் தளபதியின் விருந்துக்கான பாலாடைக்கட்டிப் பெட்டி.

புதிதாக வந்த மேஜர் ஒதெத்தேயின் காதுக்கு இது எட்டியது. கூப்பிட்டு விசாரித்தார்.

"ஃப்ளோரெஷ்ல ஓடுபாதை சின்னது மேடம், கூடுதலா ஒரு ஆள ஏத்த முடியாது. எனக்குத் தெரியாதா?" என்றார் எர்மீனியு.

"போய்ப் பாத்திருக்கீங்களா?"

"எத்தனையோ தடவ!"

பக்கத்தில் நின்ற விமானி சிரித்துவிட்டான். "இவரா? விமானத்தோட படியிலகூடக் கால் வெச்சதில்ல மேடம். ஏணியப் பாத்தாலே தல சுத்தும்."

"அப்ப நாளைக்கே போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார் மேஜர். "சுல்மீராவையும் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் எர்மீனியு சிமென்ட் மூட்டைகளால் விமானத்தை அடைத்து, தனக்கு இடமில்லாமல் செய்யப் பார்த்தார். மேஜர் நின்று மூட்டைகளை இறக்க வைத்தார். விமானம் கிளம்பியதும் எர்மீனியு கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டார். பாதி வழியில் தொப்பிக்குள் வாந்தி எடுத்தார்.

"கண்ணத் தொறங்க சார்ஜென்ட். மேகந்தான், கடிக்காது" என்றாள் சுல்மீரா. அதற்குமேல் அவரைக் கண்டுகொள்ளாமல், அம்மாவுக்குக் கொண்டுபோகும் ரொட்டிப் பையை மடியில் அணைத்துக்கொண்டாள்.

அம்மா உயிரோடு இருந்தாள். மகளின் கையால் ரெண்டு வாய் கஞ்சியும் குடித்தாள். எர்மீனியுவோ திரும்பும் விமானத்தில் ஏற மறுத்து, மாடுகளோடு சரக்குக் கப்பலில் ஊர் வந்து சேர்ந்தார். அதற்குள் கதை அவருக்கு முன்பே கரை இறங்கியிருந்தது. தளத்துப் பையன்கள் அவர் மேசை முன் வந்து, "மாட்டுக்குப் பக்கத்துல ஒரு எடம் கெடைக்குமா சார்ஜென்ட்?" என்று கேட்டார்கள்.

மனிதர் திருந்தினாரா என்றால், அதுதான் இல்லை. மாற்றல் கேட்டுப் போர்வைக் கிடங்குக்குப் போய்விட்டார். அங்கேயும் குளிரில் நடுங்கிக்கொண்டு வருபவனை, "போர்வை எதுக்கு?" என்று கேட்டுத்தான் கொடுக்கிறாராம்.