நடுரோட்டில் ஒரு பந்தி

இரண்டு வருடங்களுக்கு முன், சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிற வழியில் நடந்தது இது. நான் சித்தூரில் ஒரு மிஷன் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அதனால் எங்கள் சபைக்கு வெளிநாட்டு விருந்தாளி யார் வந்தாலும் கூடவே சுற்றுகிற வேலை என் தலையில்தான் விழும்.

விருந்தாளி வருகிறார் என்றால் சபையில் ஒரு வாரம் அமர்க்களம். சுவருக்குச் சுண்ணாம்பு, சாக்கடைக்குப் பலகை மூடி, கால் ஆடுகிற நாற்காலிகளெல்லாம் பின்னறைக்கு. நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்படி போதகர் என்னிடம் தனியாகச் சொல்லிவைப்பார். அதில் நான் கெட்டிக்காரி. அந்த முறை ஜெர்மனியிலிருந்து வந்தவர், எழுபது வயது தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆராதனை நடுவில் கரண்ட் போனபோது, அது மெழுகுவர்த்தி ஜெபம் என்று அவரிடம் கூசாமல் சொன்னேன். அவரும் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்.

நான்காம் நாள் அவரைத் திருப்பதியில் ரயிலேற்ற வாடகைக் காரில் கிளம்பினோம். என் மகள் திருப்பதியில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அப்படியே அவளையும் பார்த்துவரலாம் என்று ஒரு டப்பா முறுக்கு எடுத்துவைத்திருந்தேன். கொஞ்ச நாளாகவே அவள் போனில் அழுதாள். "சாப்பாட்டுல புழு நெளியுதும்மா. எப்படி துன்றது?" என்பாள். "எல்லாரும் துன்னுக்கினுதானே இருக்காங்க? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்லி போனை வைத்துவிடுவேன். பிள்ளைகள் போராட்டத்தில் சேர மாட்டார்கள், சேர்ந்தால் விடுதியை விட்டு அனுப்பலாம் என்று கல்லூரி பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருந்தது. நானும் போட்டுக்கொடுத்திருந்தேன்.

பாகாலா தாண்டி, திருப்பதியை நெருங்கும்போது வண்டிகள் வரிசையாக நின்றன. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மேடம், காலேஜ் பிள்ளைங்க நடுரோட்ல அடுப்பு வெச்சிக்கினு குந்தியிருக்காங்க. வண்டா வார்ப்பு. சோறாக்கி துன்னு முடிக்கிற வரைக்கும் வுட மாட்டாங்க."

ஆந்திராவில் இருப்பவர்களுக்கு இது தெரியும். சாலையை மறித்து, அங்கேயே சமைத்து, அங்கேயே சாப்பிடுகிற போராட்டம். மாட்டிக்கொண்ட பயணிகளுக்கும் இலை போடுவார்கள். என்ன கூட்டம் என்று விருந்தாளி கேட்டார். என் நாக்கு யோசிக்கவே இல்லை. இது ஒரு திருவிழா, வழியில் போகிறவர்களுக்கு மாணவர்கள் சாப்பாடு போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்று தலையாட்டி, நான் தடுக்குமுன் கதவைத் திறந்து இறங்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

சாலை நடுவே பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. ஓரமாக இரண்டு போலீஸ் வேன்கள். ஒரு பெண் போலீஸ் நோட்டில் பேர் எழுதிக்கொண்டிருந்தார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவள் என் மகள்.

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பாக ஓர் அடி முன்னால் வைத்தாள். எனக்கு அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்தது. போதகர், பள்ளி, போலீஸ் நோட்டு எல்லாம் சேர்ந்து வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பெண் உங்களையே பார்க்கிறாளே, தெரிந்தவளா என்று விருந்தாளி கேட்டார். தெரியாது என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று சொன்னேன். மகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததே நான்தான். முன்னால் வைத்த காலை அவள் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

விருந்தாளி தார் ரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் உட்கார்ந்தேன். வாளியோடு பரிமாறிக்கொண்டே வந்த மகள் அவருக்குச் சோறு வைத்தாள். பிறகு என் இலைக்குக் குனிந்தாள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா, ஆண்ட்டி?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் காட்டுகிற மரியாதையோடு கேட்டாள். வாயில் வைத்த சோறு இறங்கவில்லை.

விருந்தாளி சாப்பிட்டபடியே மெதுவாகப் பேசினார். அவர் ஊரில் திருவிழாவுக்கு இத்தனை போலீஸ் வராதாம். மெழுகுவர்த்தி ஜெபத்தின் கதையும் தெரியுமாம். இளவயதில் ஒருநாள் அவர் போன பேருந்தை மாணவர்கள் இப்படித்தான் மறித்தார்களாம். வேலைக்கு நேரமாகிறது என்று உள்ளேயே உட்கார்ந்து அவர்களைத் திட்டினாராம். எதற்காக மறித்தார்கள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்ததாம். "அன்றைக்கு இறங்கிப் போய்க் கேட்கவில்லை. அதனால்தான் இன்று இறங்கினேன்" என்றார். பிறகு என் இலையைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்கு உங்கள் முகவாய்" என்றார்.

நான் வாய் திறக்குமுன் பெண் போலீஸ் என் மகளிடம் வந்தார். பேரும் ஊரும் எழுதிக்கொண்டு, வீட்டு ஆட்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று தெலுங்கில் கேட்டார். "எவரூ லேரு மேடம்" என்றாள். யாரும் இல்லையாம். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று புரிந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எச்சில் கையோடு எழுந்தேன். "நா கூத்துரண்டி! என் பொண்ணுங்க. என் பேரையும் எழுதிக்குங்க" என்று இரண்டு பாஷையையும் கலந்து கத்தினேன். என் மகள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, நீ போயேன்" என்று அழுதாள்.

நான் போகவில்லை. இன்னும் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். முறுக்கு டப்பாவும் பந்தியிலேயே காலியானது. மத்தியானத்துக்கு மேல் கல்லூரிக்காரர்கள் வந்து, விடுதிச் சமையல் காண்டிராக்டை மாற்றுகிறோம் என்று சொன்ன பிறகு வழி விட்டார்கள். ரயில் நகர இரண்டு நிமிடம் இருக்கும்போது விருந்தாளியை ஏற்றினோம். அடுத்த வாரம் அந்தக் கையெழுத்துக்காகக் கல்லூரியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பதில் சொன்னேன். மகளை விடுதியிலேயே வைத்துக்கொண்டார்கள். இப்போது சாப்பாட்டில் புழு இல்லை, ருசியும் இல்லை என்கிறாள்.

வீட்டில் எதற்காவது பழக்கதோஷத்தில் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று நான் ஆரம்பித்தால் போதும், "சரிங்க ஆண்ட்டி" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் அந்த ஒரு வார்த்தை ஒவ்வொரு தடவையும் என்னை அந்த ரோட்டுக்கே கொண்டுபோய், இறங்காத சோற்றின் முன்னால் உட்காரவைத்துவிடுகிறது.