தோல் கூடும் என் தொடையும்

இன்றும் தொடையில் சில்லென்று ஏதாவது பட்டால் எனக்கு உடம்பு நடுங்கிவிடும்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவுக்கு வரும் கடிதம், அம்மாவின் மாத்திரைச் சீட்டு, எல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகவில்லை.

சிட்னியில் வில்வேட்டை பழகியபோது அம்புகளை வைக்கும் அம்புக்கூடு வாங்க செவன் ஹில்ஸ் பகுதியில் ஒரு கடைக்குப் போனேன். கூடவே அலுவலகத் தோழி, யாழ்ப்பாணத்துச் சாந்தி அக்கா. அவர் பல வருடமாக வேட்டைக்குப் போகிறவர்.

"முனையை மூடுற கெட்டிக் கூடாப் பாத்து எடு பிள்ளை" என்றார் அக்கா.

நான் இடுப்பில் தொங்கும் அழகான, மெல்லிய தோல் கூட்டை எடுத்தேன். "எல்லாம் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன், அக்கா."

"காடும் அதைப் படிச்சிருந்தா நல்லது" என்று சிரித்தார்.

மறுவாரம் அக்காவோடு ஒரு பண்ணையில் காட்டு ஆடுகளைத் தேடிச் சரிவில் இறங்கும்போது சறுக்கி விழுந்தேன். பிளேடு போன்ற அம்பு முனை கூட்டின் தோலைக் கிழித்து வெளியே வந்தது. தொடையில் சில்லென்றது. அந்த முனை வெட்டினால் உடனே வலிக்காது என்று படித்திருந்தேன். எனக்கு வலிக்கவேயில்லை. அதனால்தான் குனிந்து பார்க்கத் தைரியமில்லை.

"அசையாதை பிள்ளை" என்று அக்கா மண்டியிட்டார்.

"ரத்தம் வருதா அக்கா?"

அவர் விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"காற்சட்டைதான் கிழிஞ்சிருக்கு. இரும்புதான் தொடையிலை பட்டிருக்கு."

அடுத்த சனிக்கிழமை அதே கடையில், "எதை எடுக்கட்டும் அக்கா?" என்று கேட்டேன். கேட்டதால் நான் ஒன்றும் குறைந்துபோகவில்லை.